பெயர் ஒன்றானால் ஆள் ஒன்றா?

செம்மங்குப்பத்திலிருந்து வடக்கே சென்றால் கடலூர். தெற்கே சென்றால் சிதம்பரம். இவ்விரண்டுக்கும் இடையில் வாழும் பிள்ளைகளுக்கு வரலாறு கற்பிப்பதைவிட எளிய வேலை வேறில்லை என்றுதான், பட்டம் பெற்று ஆசிரியப் பணியில் அமர்ந்த புதிதில் எண்ணியிருந்தேன். அப்பர் பிறந்த திருவாமூர் பண்ணுருட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவர் சமணம் துறந்த திருவதிகையும் அங்கேதான். கல்லோடு பிணைத்துக் கடலில் வீசப்பட்டு அவர் கரையேறினார் எனப் புராணம் கூறும் திருப்பாதிரிப்புலியூரை நாங்கள் நாள்தோறும் கடந்து போகிறோம். சம்பந்தர் பிறந்த சீர்காழியோ கொள்ளிடத்துக்கு அப்பால், கூப்பிடு தொலைவு. பாடநூலில் உள்ள பெயர்களெல்லாம் பேருந்தின் நெற்றியில் எழுதியிருக்கும் ஊர்கள். பிறகென்ன தொல்லை?

தொல்லை ஒரு மாணவன் வடிவில் வந்தது. "அப்பரும் சம்பந்தரும் ஏழாம் நூற்றாண்டினர்" என்று கரும்பலகையில் எழுதினேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "சார், ஏழாம் நூற்றாண்டு என்று எப்படித் தெரியும்? அவர்கள் பாட்டில் ஆண்டு போட்டிருக்கிறார்களா?" என்று கேட்டான்.

போட்டிருக்கவில்லை. பாட்டில் ஆண்டில்லை, ஏட்டில் தேதியில்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆராய்ச்சியாளர்கள் சொல்லியிருக்கிறார்கள், உட்கார்" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் நாணம் என்னைப் பிடுங்கித் தின்றது. கோயில் குருக்களைப் பார்த்து, "இப்படிச் செய்வானேன்?" என்று கேட்டால், "பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள்" என்று விடை வரும். அதைக் கேட்டு நகைத்தவன் நான். மேடை ஏறிக் கேலி பேசியவன் நான். 'பெரியவர்கள்' இருந்த இடத்தில் 'ஆராய்ச்சியாளர்கள்' என்ற சொல்லை வைத்து, அதே விடையை ஓர் ஏழைச் சிறுவனுக்குக் கொடுத்திருக்கிறேன்! ஆடை மாறியது, ஆள் மாறவில்லை.

கல்லூரி நாளில் நடந்த ஒன்று அப்போது நினைவுக்கு வந்தது. தமிழின் தொன்மை பற்றிப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தேன். வீரநடை, அடுக்குமொழி, வினாவுக்கு மேல் வினா எல்லாம் அதில் இருந்தன. என் பேராசிரியர் ஒருவர் அதைத் திருப்பிக் கொடுத்தபோது, பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் சிவப்பு மையால் ஒரே ஒரு சொல்: 'சான்று?' பன்னிரண்டு பக்கத்திலும் அதுதான். இவருக்குத் தமிழ்ப்பற்று இல்லை என்று அன்று நண்பர்களிடம் கொதித்தேன். பற்று எனக்கு இருந்தது, வாதம்தான் இல்லை. அதை உணரச் சில ஆண்டுகள் ஆயின.

மாணவனுக்கு விடை தேடிப் புறப்பட்ட நான், ஒரு பெரிய வழக்கில் சென்று விழுந்தேன். தமிழின் வாழ்வு ஏறத்தாழ அறுநூறு ஆண்டு சுருங்கிப் போக இருந்த வழக்கு அது. அதன் ஒரு பக்கத்தில் நின்றவர் நாம் போற்றும் கால்டுவெல். மறுபக்கத்தில் நின்றவர் நாம் போற்றும் மனோன்மணீயம் சுந்தரனார்.

கால்டுவெல்லை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. திராவிட மொழிகள் வடமொழியின் கிளைகளல்ல, தனிக் குடும்பம் என்பதை 1856-இல் ஒப்பிலக்கணம் எழுதி நிலைநாட்டிய பெருமகன் அவர். ஆனால் மொழியமைப்பை ஆராய்ந்தபோது இருந்த உறுதியான கை, இலக்கியக் காலத்தைக் கணித்தபோது தளர்ந்தது. மதுரையில் கூன்பாண்டியனைச் சம்பந்தர் சைவனாக்கினார் என்பது புராணக் கதை. கூன் நிமிர்ந்து அழகனானதால் அவனுக்குச் சுந்தர பாண்டியன் என்ற பெயர் வந்தது என்றும் கதை கூறும். வெனிசு நகரத்து மார்க்கோ போலோ 1292 அளவில் பாண்டிய நாட்டுக் கரையில் இறங்கியபோது, சுந்தர பாண்டியன் என்ற அரசன் ஆண்டதாகக் குறித்து வைத்தார். கால்டுவெல் இரண்டையும் இணைத்தார். அவனும் சுந்தர பாண்டியன், இவனும் சுந்தர பாண்டியன். ஆகவே அவனே இவன். ஆகவே சம்பந்தர் காலம் 13-ஆம் நூற்றாண்டின் இறுதி.

கேட்பதற்கு எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது! மார்க்கோ போலோவின் குறிப்பு உண்மை. அவர் வந்த ஆண்டு ஐயத்துக்கு இடமற்றது. அந்நாளில் சுந்தர பாண்டியன் என்ற பெயருடையவன் ஆண்டதும் உண்மை. உண்மைகளை அடுக்கிக் கட்டிய வாதந்தான் இது. பின் எங்கே ஓட்டை? நடுவில் உள்ள 'ஆகவே அவனே இவன்' என்ற மூன்று சொல்லில்தான். பாண்டியர் குடியில் சுந்தர பாண்டியன் என்ற பெயர் ஒருவனுக்கு மட்டும் உரியதன்று. எங்கள் பள்ளியில் வருகைப் பதிவேட்டை விரித்தால் ஒரே வகுப்பில் மூன்று மணிகண்டன்கள். ஒருவன் சண்டை போட்டதற்கு மற்றொருவனைப் பெஞ்சின்மேல் ஏற்றினால் ஊர் என்ன சொல்லும்?

இந்த ஓர் ஆணியில் கால்டுவெல் மாட்டிய சுமை சிறிதன்று. சம்பந்தர் 1292 என்றால் அவரோடு உடனிருந்த அப்பரும் 1292. அவர்களுக்குப் பின்வந்த சுந்தரர் அதற்கும் பிறகு. அவர்களைத் தொகுத்த நம்பியாண்டார் நம்பி இன்னும் பிறகு. பெரியபுராணம் பாடிய சேக்கிழார் எல்லாருக்கும் பிறகு. தேவாரத்தை நகர்த்தினால் தமிழிலக்கிய வரிசையே அதனோடு சேர்ந்து நகரும். சேக்கிழார் சோழன் அவையில் அமைச்சராக இருந்தவர். சோழப் பேரரசோ 1279-உடன் முடிந்துவிட்டது. இல்லாத சோழனுக்கு யார் அமைச்சராக இருப்பது? இந்த ஒரு கேள்வியே போதும். ஆனால் சோழர் காலவரிசை அன்று இன்றுபோல் தெளிவாக இல்லை என்பதையும் கால்டுவெல் பொருட்டு நாம் சொல்லியாக வேண்டும். பிற்காலத்தான் கையில் உள்ள விளக்கைக் கொண்டு முற்காலத்தானின் இருட்டை ஏளனம் செய்வது ஆண்மையாகாது.

மறுபக்கத்துக்கு வருவோம். 1855-இல் ஆலப்புழையில் பிறந்து, திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்து, 42 வயதிலேயே 1897-இல் மறைந்தவர் சுந்தரம் பிள்ளை. 'மனோன்மணீயம்' 1891-இல் வெளிவந்தது. அதன் வாழ்த்துப் பாடலின் பகுதிதான் இன்று தமிழ்நாட்டின் மாநிலப் பாடல். நெல்லையில் அவர் பெயரால் ஒரு பல்கலைக்கழகமே இருக்கிறது. ஆனால் அவர் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு சிறு நூலை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? தமிழிலக்கிய வரலாற்றின் மைல்கற்கள் சில, அல்லது திருஞானசம்பந்தர் காலம் என்ற பொருள்படும் தலைப்புடன் 1895-இல் நூலாக வந்தது அது. தமிழில் 'நீராரும்' என்று தொடங்கி நெஞ்சை அள்ளிய அதே கை, அந்த நூலில் ஒரு வழக்கறிஞனின் கையாக வேலை செய்கிறது.

அவர் செய்ததைப் பாருங்கள். கால்டுவெல்லைத் தமிழ்ப் பகைவர் என்று ஏசவில்லை. வெள்ளைக்காரனுக்கு நம் அருமை என்ன தெரியும் என்று நெஞ்சைத் தட்டவில்லை. இத்தனைக்கும் அவர் சைவப் பற்றில் ஊறியவர். சம்பந்தர்பால் அளவிலா மதிப்புடையவர். அப்படிப்பட்டவர் மூன்று வயதில் ஞானப்பால் உண்டார் என்பதையோ, ஏடு வைகையில் எதிர்நீச்சல் போட்டது என்பதையோ சான்றாக வைத்து வழக்காடவில்லை. தம் நம்பிக்கையை வீட்டில் வைத்துவிட்டு, எதிரியும் மறுக்க முடியாத பொருளை மட்டும் மன்றத்துக்குக் கொண்டு வந்தார். நாள் தெரிந்த இடத்திலிருந்து நாள் தெரியாத இடத்துக்குப் படிப்படியாகப் பின்னோக்கி நடந்தார். இதற்குப் பிந்தியிருக்க முடியாது என்று ஒரு வேலி. இதற்கு முந்தியிருக்க முடியாது என்று இன்னொரு வேலி. இரண்டையும் நெருக்கிக் கொண்டே வருவதுதான் அந்த முறை.

அந்த நாளில் கிடைத்த சான்றுகளோடு பின்னாளில் கிடைத்தவற்றையும் சேர்த்து, அந்த வேலியை நாமே ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு 1010-இல் குடமுழுக்கு. அங்கே ஆதித்தன் சூரியன் என்ற கோயில் அதிகாரி, இராசராசனின் 29-ஆம் ஆட்சியாண்டுக்குள், சம்பந்தர், அப்பர், சுந்தரர் ஆகியோருக்குச் செப்புத் திருமேனிகள் செய்து வைத்ததைக் கல்வெட்டு கூறுகிறது. திருப்பதியம் பாட 48 பேர், உடுக்கைக்கு ஒருவர், மத்தளத்துக்கு ஒருவர் என ஐம்பது பேருக்கு நெல் அளந்ததையும் கல்வெட்டே கூறுகிறது. 1014-க்குள் சிலையாகி நின்றவர் 1292-இல் பிறந்து மதுரைக்குப் போனார் என்றால், அதைவிடப் பெரிய அற்புதத்தைச் சேக்கிழார்கூடப் பாடவில்லை! ஒரே அடியில் கால்டுவெல்லின் கணக்கு சரிந்தது. இன்னும் பின்னே போனால், 9-ஆம் நூற்றாண்டுப் பல்லவர் காலத்துத் திருவல்லம் கல்வெட்டிலேயே திருப்பதியம் பாடுவோருக்குப் பங்கு ஒதுக்கியிருக்கிறார்கள். பிந்திய வேலி நூறாண்டுக்கு மேல் உள்ளே வந்துவிட்டது.

முந்திய வேலிக்கு என்ன வழி? சம்பந்தர் பாடல்களையே கேட்க வேண்டும். கோச்செங்கட் சோழன் கட்டிய கோயில்களை அவர் பாடுகிறார். ஆகவே அவனுக்குப் பிந்தியவர். அதைவிடக் கூர்மையான ஒன்று உண்டு. திருச்செங்காட்டங்குடிப் பதிகத்தில் சிறுத்தொண்டரைத் தம் காலத்து மனிதராகவே வைத்துப் பாடுகிறார். அந்தச் சிறுத்தொண்டர், துறவு பூணுமுன், தம் அரசனுக்காக வடக்கே படை நடத்தி வாதாபியை அழித்தவர் என்கிறது பெரியபுராணம். சேக்கிழார் அந்த அரசன் பெயரைச் சொல்லவில்லை. ஆண்டையும் சொல்லவில்லை. ஆனால் காஞ்சிக்குப் பக்கத்துக் கூரம் என்ற ஊரில் கிடைத்த செப்பேடு, முதலாம் நரசிம்மவர்மன் புலிகேசியை வென்று வாதாபியை அழித்தான் எனப் பறைசாற்றுகிறது. வாதாபியிலேயே, இன்றைய பாதாமியில், அந்தப் பல்லவனின் கல்வெட்டு பாறையில் இருக்கிறது. இந்த இணைப்பை எடுத்துக்காட்டியவர் கல்வெட்டறிஞர் வெங்கையா. வாதாபி வீழ்ந்தது 642 அளவில். சிறுத்தொண்டர் காலம் அது. சம்பந்தர் காலமும் அது.

இங்கே நான் நெடுநேரம் நின்று வியந்தேன். சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டினர். தமிழில் பாடிய சைவர். செப்பேட்டை எழுதியவன் 7-ஆம் நூற்றாண்டு அரண்மனை எழுத்தன். வடமொழியில் தன் அரசன் புகழைப் பாட வந்தவன். அவனுக்குச் சம்பந்தரைப் பற்றிக் கவலையில்லை. மண்ணுக்குள் கிடந்த அந்தச் செப்பேட்டைப் பார்த்துச் சேக்கிழார் கதை கட்டியிருக்கவும் வழியில்லை. கூடிப் பேசி வைத்துக்கொள்ளாத இரண்டு சாட்சிகள் ஒரே செய்தியைச் சொல்கிறார்கள். நீதிமன்றத்தில் இதற்கு என்ன மதிப்போ, வரலாற்றிலும் அதே மதிப்பு.

கூன்பாண்டியன் என்ன ஆனான்? அவன் நெல்வேலிப் போர் வென்ற நெடுமாறன். அரிகேசரி மாறவர்மன் நெல்வேலியில் வென்றதை வேள்விக்குடிச் செப்பேடு கூறுகிறது. அவனும் ஏழாம் நூற்றாண்டினன். அது 1920-களில்தான் அச்சேறியது. சுந்தரனார் கண் மூடி கால் நூற்றாண்டுக்கு மேலான பிறகு வெளிவந்த சாட்சி அவர் பக்கமே பேசியது.

இனி நம் பக்கத்து ஊருக்கு வருகிறேன். ஏனெனில் என் மாணவன் அங்கேயும் என்னை மடக்கினான். அப்பரைத் துன்புறுத்திய பல்லவன், மனம் மாறிச் சைவனாகி, பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டு திருவதிகையில் குணபர ஈச்சரம் எடுத்தான் என்று பெரியபுராணம் கூறுகிறது. பாடலிபுத்திரம் என்பது நம் திருப்பாதிரிப்புலியூர். திருச்சி மலைக் குகையில் மகேந்திரவர்மனுக்குக் குணபரன் என்ற பெயர் வெட்டப்பட்டிருக்கிறது. ஆகவே அந்தப் பல்லவன் மகேந்திரன் என்றேன். "சார், இதுவும் பெயர் ஒற்றுமைதானே? கால்டுவெல் செய்தால் தவறு, நாம் செய்தால் சரியா?" என்றான் அவன். அன்று வகுப்பே என்னைப் பார்த்தது.

கேள்வி நியாயமானது. பெயர் ஒற்றுமையை மட்டும் வைத்தால் நாமும் கால்டுவெல் செய்த பிழையையே செய்தவராவோம். ஆனால் இங்கே பெயர் மட்டும் இல்லை. மகேந்திரன் மகன்தான் வாதாபி கொண்ட நரசிம்மன். ஆகவே காலம் பொருந்துகிறது. திருவதிகை பல்லவ நாட்டில் உள்ளது, இடம் பொருந்துகிறது. அரசன் வேறொரு நெறியிலிருந்து திரும்பி இலிங்கத்தை வழிபட்டான் என்று பொருள்கொள்ளத் தக்க பாட்டு திருச்சிக் குகையிலேயே இருக்கிறது, நிகழ்ச்சியும் பொருந்துகிறது. அந்தப் பாட்டு இரட்டுறமொழிதல் நிறைந்தது, அதற்கு வேறு பொருளும் கூறலாம் என்போர் உண்டு. அதையும் மறைக்காமல் மாணவர்களிடம் சொன்னேன். மீன்பிடி வலைக்கு முறுக்கிய கயிற்றை எங்கள் கடற்கரைப் பிள்ளைகள் நன்கு அறிவார்கள். ஓர் இழை அறுந்தாலும் மற்ற இழை தாங்கும். கால்டுவெல்லிடம் இருந்தது ஒற்றை இழை.

சம்பந்தர் கால ஆய்விலும் இத்தகைய நைந்த இழை ஒன்று உண்டு. சங்கரர் 'சௌந்தரியலகரி'யில் குறிப்பிடும் திராவிடக் குழந்தை சம்பந்தரே என்று நெடுநாளாக எடுத்துக்காட்டுகிறார்கள். அந்த நூல் சங்கரருடையதுதானா என்பதிலேயே ஐயம். குழந்தை யார் என்பதில் மேலும் ஐயம். அதை எடுத்து அப்பால் வைத்துவிட்டாலும் ஏழாம் நூற்றாண்டு என்ற முடிவு அசையவில்லை.

திருப்பாதிரிப்புலியூரில் சமணப் பள்ளி இருந்தது என்பதற்குச் சேக்கிழார் வாக்கு மட்டுமா சான்று? 'லோகவிபாகம்' என்ற சமண நூல், சர்வநந்தி என்பவர் பாடலிகை என்னும் ஊரில், காஞ்சி அரசன் சிம்மவர்மனின் 22-ஆம் ஆட்சியாண்டில், சக ஆண்டு 380-இல் அதைப் படியெடுத்து முடித்ததாகக் குறிக்கிறது. சக ஆண்டு 380 என்பது கி.பி. 458. அந்தப் பாடலிகை நம் பாதிரிப்புலியூரே என்பது அறிஞர் முடிவு. சைவப் புராணத்துக்குச் சமண நூல் சாட்சி! அப்பர் பிறப்பதற்கு நூறாண்டுக்கு மேல் முன்பே, கடலூர் மண்ணில் உலக அமைப்பை ஆராயும் நூலை எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஆனால் பள்ளி இருந்தது மெய்யாயிற்று என்பதால் கல் மிதந்ததும் மெய்யாகிவிடுமா? ஆகாது. அப்பர் ஏறிய இடமென்று கரையேறவிட்டகுப்பம் என்ற பெயரில் ஓர் ஊர் இன்றும் இருக்கிறது. அப்பெயர், மக்கள் அக்கதையை நம்பினர் என்பதற்குச் சான்று. கல் மிதந்தது என்பதற்குச் சான்றன்று.

இதுவரை படித்து, "நன்று, நன்று" என்று தலையாட்டிய தோழர்களை இனிமேல் சற்றுச் சங்கடப்படுத்தப் போகிறேன். மதுரையில் எண்ணாயிரம் சமணர் கழுவேற்றப்பட்ட கதையை நம் மேடைகளில் எத்தனை முறை முழங்கியிருக்கிறோம்! நானே முழங்கியிருக்கிறேன், கைதட்டலும் பெற்றிருக்கிறேன். அதற்குச் சான்று என்ன? சம்பந்தர் பாடல்களில் சமணர்மீது கடுஞ்சொல் உண்டு, பதிகந்தோறும் உண்டு. பகை இருந்தது என்பதற்கு அவை போதும். ஆனால் கழுவேற்றம் நம்பியாண்டார் நம்பி வாக்கிலும், அவருக்குப் பின் சேக்கிழாரிடமும்தான் வருகிறது. நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கும் அவர்களுக்கும் இடையே பல நூற்றாண்டு. நீலகண்ட சாத்திரியார் அதை வரலாறாகக் கொள்ள முடியாத கட்டுக்கதை என்றே தள்ளினார். அவர் பெயரைக் கேட்டாலே முகம் சுளிப்போர் நம்மிடையே உண்டு. கல் மிதந்ததற்குச் சேக்கிழார் சாட்சி செல்லாது, கழு நட்டதற்கு மட்டும் அதே சேக்கிழார் சாட்சி செல்லும் என்றால், அது எந்த ஊர் நீதி? ஒன்று, இரண்டுக்கும் வேறு சான்று தேட வேண்டும். அல்லது இரண்டையும் கதை என்று வைக்க வேண்டும். நமக்கு இனிக்கும் செய்தி என்பதால் அதற்குச் சலுகை விலை கிடையாது. கைப்பேசியில் நாள்தோறும் வந்து விழும் 'தமிழன் ஐம்பதாயிரம் ஆண்டுக்கு முன்பே' வகைச் செய்திகளுக்கும் இதே கணக்குத்தான். அவற்றைப் பரப்புகிறவர் தமிழுக்குத் தொண்டு செய்வதாக நினைக்கிறார். எதிரியோ அந்த ஒன்றைக் காட்டி, மெய்யான நம் தொன்மையையும் சேர்த்துச் சிரிக்கிறான்.

மறுவாரம் இவ்வளவையும் கரும்பலகையில் கோடிட்டுக் காட்டினேன். வலப்பக்கம் 1292-ஐ எழுதி அடித்தேன். 1014, 9-ஆம் நூற்றாண்டு என இடப்பக்கமாக நகர்ந்து 642-இல் வட்டம் போட்டேன். வகுப்பு அமைதியாக இருந்தது. கடைசி வரிசையில் அந்தக் கை மீண்டும் எழுந்தது.

"சார், வாதாபி விழுந்தது 642 என்று மட்டும் எப்படித் தெரியும்?"

இம்முறை நான் உட்கார் என்று சொல்லவில்லை. அய்கொளெ கல்வெட்டு 634-இல் புலிகேசியைப் பேரரசனாகவே காட்டுகிறது என்று தொடங்கினேன். சீனத்து யுவான் சுவாங் 641 அளவில் அவன் நாட்டைக் கண்டு அவன் வலிமையை எழுதியிருக்கிறார். அதன் பிறகு அவன் பேச்சே இல்லை, அவன் தலைநகரில் பல்லவன் கல்வெட்டு நிற்கிறது என்பது வரையில் வந்தபோது மணி அடித்துவிட்டது. யுவான் சுவாங் வந்த ஆண்டு எப்படித் தெரியும் என்று அடுத்த வகுப்பில் அவன் கேட்பான். அந்த நூலைக் கடலூர் நூலகத்தில் சொல்லி வைத்திருக்கிறேன்.